சிபிஆர் வகுப்பு வைக்கிறீர்களா? ஆளுக்கு எத்தனை நிமிடம் என்று முதலில் கேளுங்கள்

இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவிதான் சிபிஆர். கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கோயில் மண்டபங்களில் நடக்கும் சிபிஆர் வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு அழுத்திப் பழக ஒரே பொம்மை. இரண்டு மணி நேரம் இதயத்தின் அறைகளைப் பற்றிய விளக்கம். ஆளுக்கு அரை நிமிடம்கூட அழுத்தக் கிடைக்கவில்லை. பெரிய தவறு இதுதான். ஆளுக்கொரு பொம்மை கொடுத்து, அரை மணி நேர வீடியோவைப் பார்த்தபடியே அழுத்த வைத்தால், பல மணி நேர வகுப்பில் படித்தவருக்கு ஈடாகச் செய்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காற்றடைத்த மலிவான பொம்மையே போதும். வீடியோவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்பது வேறு கதை. என்ன செய்வது என்பது மனத்தில் நிற்கும், எவ்வளவு அழுத்துவது என்பது கைக்கு வராது.

பெரியவர்களுக்கு நெஞ்சு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் தடவிக்கொடுப்பது போல அழுத்துகிறார்கள். சரியான ஆழத்தில் ‘டக்’ என்று ஒலிக்கும் பொம்மை அந்தப் பயத்தைப் போக்கிவிடும். எண்ணுவதிலும் சிக்கல் உண்டு: ‘இருபத்தேழு, இருபத்தெட்டு’ என்று சொல்லி முடிப்பதற்குள் வேகம் தளர்ந்துவிடும். ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்லுங்கள்.

வாயோடு வாய் ஊதுவதில் தொடங்கினால் பாதிப் பேர் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். திடீரென மயங்கி விழும் பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர் கைகளால் அழுத்தினாலே போதும் என்று அமெரிக்க இதய சங்கம் 2008-இல் அறிவித்தது. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் தேவை. பெற்றோருக்கு அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாலும், கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். பத்துமலைத் தைப்பூசத்துக்குத் தொண்டர்களாகப் போகிறவர்கள் மார்கழியில் பத்து நிமிடமாவது மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும்.

முட்டி வலியால் கீழே உட்கார முடியாத அம்மாக்களை வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள். அவசர உதவி எண் 999-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். வகுப்பிலேயே வாய்விட்டு ஒத்திகை பார்க்கட்டும்.