கிளஸ்டரில் முதல் வேலை அனுப்பும் முன்

பல கணினிகளை ஒன்றாக இணைத்த பல்கலைக்கழகக் கிளஸ்டரில் கணக்கு கிடைத்ததும், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) மூலம் நுழைந்து நேராகப் பைத்தான் நிரலை ஓட்டிவிடத்தான் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் வந்து நிற்பது லாகின் நோடு, எல்லோருக்கும் பொதுவான வாசல். அங்கே கோப்பைத் திருத்தலாம், வேலையை, அதாவது ஓட்ட வேண்டிய நிரலை, அனுப்பலாம், அவ்வளவுதான். கனமான கணக்கீட்டை அங்கே ஓட்டினால் மற்றவர்கள் ஒரு கட்டளை தட்டவே திண்டாடுவார்கள்.

கணக்கீடு நடப்பது கம்ப்யூட் நோடுகள் எனப்படும் தனிக் கணினிகளில். பல இடங்களில் அவற்றைப் பங்கிட்டுத் தரும் மென்பொருள் ஸ்லர்ம். எத்தனை கோர் (செயலியில் கணக்கிடும் அலகு), எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்று ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, 'எஸ்பேட்ச்' (sbatch) கட்டளையால் அனுப்புங்கள். 'எஸ்க்யூ' (squeue) கட்டளை, காத்திருக்கும், ஓடும் வேலைகளின் வரிசையைக் காட்டும்.

நேரம் கேட்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பயந்துபோய் 72 மணி நேரம் கேட்டால் வரிசையில் காத்துக் கிடக்க நேரும். 3 மணி நேர வேலைக்கு 4 மணி நேரம் கேளுங்கள்; பெரிய வேலைகளுக்கு நடுவே விழும் இடைவெளியில் ஸ்லர்ம் அதைச் செருகிவிட வாய்ப்பு அதிகம். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, கெடு முடிந்ததும் வேலை பாதியில் நிறுத்தப்படும். அதனால் முதலில் தரவின் ஒரு சிறு பகுதியை மட்டும் ஓட்டிவிட்டு, 'எஸ்அக்ட்' (sacct) கட்டளையில் செலவான நேரத்தையும் நினைவகத்தையும் பாருங்கள்.

ஸ்கிராட்ச் எனப்படும் தற்காலிகச் சேமிப்பு அடைவில் பழைய கோப்புகள் பல இடங்களில் தானாகவே அழிக்கப்படும். முடிவுகளை அன்றன்றே வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.