பெண்கள் ராக் பேண்ட் பற்றிக் குறும்படம் எடுப்பது எப்படி? முதலில் பாட்டு, அப்புறம்தான் கதை

பேண்ட் பற்றிப் படம் எடுக்க நினைப்பவர்கள் பலர் கதையை முழுசாக எழுதி, அங்கங்கே "இங்கே இவர்கள் வாசிக்கிறார்கள்" என்று ஒரு வரி போட்டு வைத்துவிட்டு, நடிகைகள், லொகேஷன் எல்லாம் முடிவான பிறகு, ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது தெரிந்த இசைக்காரர் யாரையாவது பிடித்து அவசரமாக ஒரு டிராக் வாங்குகிறார்கள். டிராக் பிரமாதமாகத்தான் இருக்கும். சிக்கலே அதுதான். கதைப்படி அந்த நாலு பெண்களும் அறை வாடகைக்கே திண்டாடுகிறார்கள், கிட்டார் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆனால் காதில் விழுவது பத்து வருடம் வாசித்தவரின் கை. பார்ப்பவர் அந்த நிமிடமே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

அதனால் வரிசையை மாற்றிப் போடுவோம். தட்டுத்தடுமாறுகிற ஒரு பெண்கள் ராக் பேண்டை வைத்து 15 நிமிடப் படம் எடுக்கப்போகும் புதியவருக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. நாலு படம் பாருங்கள்

முதலில் 'லிண்டா லிண்டா லிண்டா'. ஜப்பான், 2005, நோபுஹிரோ யமாஷிதா இயக்கியது. பள்ளிக் கலைவிழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது கிட்டார் வாசிக்கும் பெண்ணுக்கு விரலில் அடிபடுகிறது, அதைத் தொடர்ந்து சண்டை, பாடகியும் போய்விடுகிறாள். மீதி மூன்று பேர், ஜப்பானிய மொழியே தட்டித் தடவிப் பேசுகிற கொரிய மாணவி ஒருத்தியைப் பாடக் கூப்பிடுகிறார்கள் (பே டூனா, அபாரம்), கீபோர்டு வாசித்தவள் கிட்டாருக்கு மாறுகிறாள். வாசிப்பது எண்பதுகளின் பங்க் (எளிமையான, வேகமான, முரட்டு ராக்) குழுவான ப்ளூ ஹார்ட்ஸின் பாடல்களை. படத்தில் பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. ஒரே பாட்டை அவர்கள் மறுபடி மறுபடி தப்பாக வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாக அது பாட்டாக மாறுவதைத்தான் நாம் பார்க்கிறோம், அதுவே கதையாகவும் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பேஸ் கிட்டார் (கனமான அடி ஸ்வரங்களுக்கான கிட்டார்) வாசிக்கும் ஷியோரி செகினே நிஜத்திலேயே 'பேஸ் பால் பேர்' என்ற குழுவின் பேஸ் கலைஞர். நாலு பேரில் ஒருவராவது நிஜமாக வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் மற்ற மூவரும் தானாக ஒழுங்குக்கு வருவார்கள். நடிகைகளைத் தேடும்போது இதை மறக்க வேண்டாம்.

அடுத்து ஸ்வீடனின் 'வி ஆர் த பெஸ்ட்!' (2013, லூகாஸ் மூடிசன்). 1982 ஸ்டாக்ஹோம், 13 வயதுச் சிறுமிகள். இருவருக்கு ஒரு மண்ணும் வாசிக்கத் தெரியாது. இளைஞர் மையத்தில் பையன்களின் பேண்ட் சத்தம் தாங்காமல், அந்த அறை தங்களுக்கு வேண்டும் என்று வீம்புக்குப் பெயர் எழுதிவைப்பதில்தான் அவர்களுடைய பேண்ட் தொடங்குகிறது.

'த ரன்அவேஸ்' (2010, ஃப்ளோரியா சிகிஸ்மோண்டி) 1975இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய நிஜக் குழுவின் கதை. கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டும் டகோட்டா ஃபேனிங்கும் சொந்தக் குரலில் பாடியிருப்பார்கள். கடைசியாக 'ப்ரே ஃபார் ராக் அண்ட் ரோல்' (2003, அலெக்ஸ் ஸ்டேயர்மார்க்). நாற்பதை நெருங்கும் ஒரு பெண், பச்சை குத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் சின்னச் சின்ன கிளப்புகளில் பாடுகிறாள். இதற்கு மேல் போராடுவதா, விட்டுவிடுவதா? கஷ்டப்படும் பேண்ட் என்றால் என்ன என்பதை இந்த நாலில் மிக நேராகச் சொல்வது இதன் முற்பாதிதான். பிற்பாதியில் வன்முறை, பழிவாங்கல், மரணம் என்று அடுக்கிக்கொண்டே போகும்போது பேண்ட் எங்கோ பின்னால் போய்விடுகிறது, எனக்கு அது உறுத்தல்தான். 15 நிமிடப் படத்தில் இப்படி அடுக்கினால் ஒன்றும் மிஞ்சாது.

2. மூன்று கார்டில் ஒரு பாட்டு

பிரபலமான பாட்டை எடுத்துப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, பதிவான ஒலிக்குத் தனியாக இன்னோர் உரிமை. படத்தில் சேர்க்க இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். நீங்களே ஒரு பாட்டை உருவாக்கிவிடுங்கள், பங்க் ராக்கின் சௌகரியமே அதுதான்.

கார்ட் (chord) என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள். அதில் பவர் கார்ட் என்று ஒன்று உண்டு. கிட்டாரின் மிகத் தடித்த கம்பியில் 3ஆவது ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கோடுகளால் பிரிந்த கட்டம்) ஆள்காட்டி விரல், அதற்கு அடுத்த கம்பியில் 5ஆவது ஃப்ரெட்டில் மோதிர விரல், அந்த இரண்டு கம்பிகளை மட்டும் அடிக்க வேண்டும். இது ஜி. விரல்களின் அமைப்பை மாற்றாமல் கையை அப்படியே நகர்த்தி ஆள்காட்டி விரலை 8ஆவது ஃப்ரெட்டில் வைத்தால் சி, 10இல் வைத்தால் டி. அவ்வளவுதான், இந்த மூன்றை வைத்து ஒரு முழுப் பாட்டே போடலாம். பேஸ் கிட்டாருக்கும் அதே தடித்த கம்பி, அதே 3, 8, 10, ஒரு விரல் போதும். டிரம்ஸுக்கு எட்டு வரை எண்ணச் சொல்லுங்கள்: எட்டு எண்ணிக்கைக்கும் ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு), 1லும் 5லும் காலால் கிக் (பெரிய டிரம்), 3லும் 7லும் ஸ்னேர் (முன்னால் உள்ள சின்ன டிரம்). முதலில் மெட்ரோனோமை (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 90 தட்டில் வைத்துப் பழகி, கை பழகப் பழக 150 வரை ஏற்றலாம்.

வரிகளை எழுதும்போது சுதந்திரம், கனவு என்றெல்லாம் பெரிதாகப் போகாதீர்கள். அந்த ஸ்வீடன் சிறுமிகள் எழுதும் பாட்டு விளையாட்டு வகுப்பு பிடிக்காது என்பதைப் பற்றியது! சின்ன எரிச்சல், சத்தமான பாட்டு. ரன்அவேஸின் 'செர்ரி பாம்' பிறந்ததும் திட்டமிட்டு அல்ல. பாடகி செரி கரி, ராக் பாடகி சூசி குவாட்ரோ பாடிய ஒரு பாட்டைத் தயார் செய்துகொண்டு ஆடிஷனுக்கு வந்தார், குழுவுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை, குழுவின் கிட்டார் கலைஞர் ஜோன் ஜெட்டும் இசைத் தயாரிப்பாளர் கிம் ஃபௌலியும் அங்கேயே உட்கார்ந்து அவருக்காக ஒன்றை எழுதினார்கள். உங்கள் படத்திலும் பாட்டு உருவாகும் காட்சியை விட்டுவிடாதீர்கள், அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கஷ்டம்.

3. இப்போது கதை

பாட்டு கையில் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாட்டை இந்த நாலு பேரும் முழுசாக வாசித்து முடிக்க எது தடை? பதில் திட்டவட்டமான ஒன்றாக இருக்கட்டும். அறை வாடகை. கடன் வாங்கிய ஆம்ப்ளிஃபயரை வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவளின் வேலை நேரம் மாறிவிட்டது. "சமூகம் எங்களை ஏற்கவில்லை" என்று ஒரு பாத்திரம் வசனம் பேசினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, சவுண்ட் செக்கில் (நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும்போது) கிட்டாரின் சத்தம் சரியா என்று அவளிடம் கேட்காமல் அவளோடு வந்த பையனிடம் கேட்கும் ஆளைக் காட்டுங்கள், போதும்.

'த ரன்அவேஸ்' படத்தில் ஒரு காட்சி. தொல்லை செய்யும் கூட்டத்தைச் சமாளிக்கப் பழக்குகிறேன் என்று சொல்லி, ஒத்திகையின்போதே அந்தப் பெண்கள் மேல் பொருட்களை வீச ஃபௌலி பையன்களை ஏவுகிறார். பயிற்சியா, கொடுமையா? இரண்டும்தான். அவர்கள் பதினைந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிற ஒரு காட்சி உங்களிடம் இருந்தால் வில்லன் தேவையில்லை.

நிஜ மனிதர்களை வைத்து எழுதுகிறீர்கள் என்றால் அனுமதி வாங்குங்கள். அதே படத்தில் பேஸ் கலைஞராக வரும் ராபின் கற்பனைப் பாத்திரம், ஏனென்றால் நிஜப் பேஸ் கலைஞரான ஜாக்கி ஃபாக்ஸ் தன் கதையைத் தர ஒப்புக்கொள்ளவில்லை.

4. தப்பாக வாசிப்பதை முதலில் எடுங்கள்

நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் வேண்டுமென்றே தப்பாக வாசித்தால் உடனே தெரிந்துவிடும், தடுமாற்றம் கூடத் தாளத்தில் இருக்கும். ஆகவே இந்த மாதிரிப் படத்துக்கு மட்டும் கதை வரிசையிலேயே ஷூட்டிங் வையுங்கள். நடிகைகளின் கையில் கருவியைக் கொடுத்த முதல் வாரத்திலேயே முதல் ஒத்திகைக் காட்சியை எடுத்துவிடுங்கள், பிளேபேக் (முன்பே பதிவான பாட்டை ஓடவிடுவது) எதுவும் வேண்டாம், அந்த அறையில் கேட்கிற சத்தத்தையே பதிவு செய்யுங்கள். டிரம்ஸ் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், பரவாயில்லை, மைக்கை டிரம்ஸிலிருந்து தள்ளி, பாடுபவருக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இரண்டு கேமரா கிடைத்தால் ஒரே டேக்கில் இரண்டு பக்கமும் எடுங்கள். புதியவர்களின் வேகம் டேக்குக்கு டேக் மாறும், ஒரு டேக்கின் படத்தை இன்னொரு டேக்கின் ஒலியோடு ஒட்டவே முடியாது.

பிறகு இரண்டு, மூன்று வாரம் அவர்கள் பழகட்டும். கேமரா இருக்கட்டும், ஆனால் எடுக்க வேண்டாம்.

5. பிளேபேக் காட்சி

கடைசி நிகழ்ச்சிக்கு டிராக் வேண்டும். அதை உங்கள் நடிகைகளையே வாசிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒலிக்கோப்பு 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும், வீடியோவுக்கு அதுதான் வழக்கம். பாட்டுக்கு முன்னால் நாலு கிளிக் சத்தம் கட்டாயம் வேண்டும், அதைக் கேட்டுத்தான் எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவார்கள், எடிட்டிங்கில் உங்களுக்கும் அதுவே அடையாளம். டிராக்கை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கேமராவின் மைக்கிலும் அது பதிவாகும்படி வையுங்கள், பிறகு ஒலி அலைகளைப் பார்த்துப் பொருத்திவிடலாம்.

சிம்பல்களின் (டிரம்ஸின் உலோகத் தட்டுகள்) அடியில் துணி ஒட்டி, கிக் டிரம்முக்குள் போர்வை அடைத்தால் டிரம்ஸ் சத்தம் அடங்கும். ஆனால் கையை அடக்கி வாசிக்கச் சொல்லாதீர்கள், மெதுவாக அடிக்கும் டிரம்ஸ் கலைஞரைத் திரையில் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். பாட்டுக்கு நடுவே யாராவது வசனம் பேச வேண்டும் என்றால் பெரிய படங்களில் 30, 40 ஹெர்ட்ஸில் வெறும் 'தும் தும்' மட்டும் ஓடவிட்டு, பின்னால் அந்த அதிர்வெண்ணை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். சின்ன ஸ்பீக்கரில் அது கேட்காது. உங்களுக்கு, முடியில் மறைந்த ஒரு காதுக்குள் இயர்போன் போதும்.

டியூப்லைட் உள்ள அறை என்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள், இல்லையென்றால் படம் சிமிட்டும். அப்புறம் கைகள்! முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டுக் கையைத் தவிர்த்தால் ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். முகத்தில் தொடங்கிக் கைக்கு இறங்கும் ஒரு ஷாட், வெட்டாமல், ஒருவருக்கு ஒன்று எடுத்தால் மீதிப் பாட்டை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, யாரும் வாசிக்காமல் அதன் இரைச்சலை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் அதை அடியில் ஓடவிட்டால் ஒலியில் வெட்டு தெரியாது.

6. கூட்டம்

கடைசிக் காட்சிக்கு நூறு பேரைத் திரட்ட முயலாதீர்கள். கஷ்டப்படும் பேண்டுக்கு இருபது பேர் வந்தாலே கூட்டம்தான். போட்டி, முதல் பரிசு, கோப்பை எதுவும் வேண்டாம். 'லிண்டா லிண்டா லிண்டா'வில் தூங்கிப்போய், மழையில் நனைந்து, தாமதமாக ஓடிவந்து வாசிக்கிறார்கள், அங்கே பரிசு என்ற பேச்சே இல்லை, ஆனாலும் நாம் கை தட்டுகிறோம்.

அந்த இருபது பேரும் உங்கள் நண்பர்களாகத்தான் இருப்பார்கள். பாட்டை அவர்களுக்கு முன்கூட்டிக் கேட்க விடாதீர்கள். முதல் டேக்கில் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள், முதல் தடவை கேட்கும் முகம் இரண்டாவது டேக்கில் கிடைக்காது. பேண்ட் பக்கம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், நண்பர்கள் எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள், அதுவும் டீயும் வடையும் வந்துகொண்டிருந்தால்தான்.