பிட்டோ, ஸ்டாட்டிக் குழாய் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் அண்ணன் வீட்டு கராஜில் நாங்கள் கட்டும் விமானத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நேராக எஞ்சின் பக்கம் போய்விடுவார்கள். பேனலுக்குப் பின்னால் ஓடும் கால் அங்குல பிளாஸ்டிக் குழாய்களை எட்டிப் பார்ப்பவர் இல்லை. எனக்கோ அவைதான் கவலை. எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவருவது பிட்டோ குழாய். விமானத்தைச் சுற்றியுள்ள காற்றின் சாதாரண அழுத்தத்தைக் கொண்டுவருவது ஸ்டாட்டிக் குழாய். உயரமானிக்கு ஸ்டாட்டிக் குழாய் மட்டும் போதும். வேகமானிக்கு பிட்டோவும் ஸ்டாட்டிக்கும் சேர்ந்து வேண்டும். கடல் மட்டத்தில் 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் பிட்டோவில் ஏறும் அழுத்தம், தண்ணீரை 6 சென்டிமீட்டர் தூக்கும் அளவுதான். அந்தக் கொஞ்ச அழுத்தமும் வழியில் கசிந்தால் ஊசி குறைத்துக் காட்டும்.

தவறு பெரும்பாலும் வெட்டும்போதே தொடங்குகிறது. கட்டிங் பிளேயரால் நறுக்கினால் குழாயின் வாய் நசுங்கி முட்டை வடிவாகிவிடும். புது பிளேடால் நேராக வெட்டுங்கள். அப்புறம், புஷ் ஃபிட்டிங்கில் (குழாயை அழுத்திச் செருகும் இணைப்பில்) செருகும்போது முதலில் ஒரு தடை தட்டும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அதற்கு உள்ளேதான் இருக்கிறது. போக வேண்டிய ஆழத்தை மார்க்கரால் குறித்து, கோடு ஃபிட்டிங்கின் விளிம்பைத் தொடும்வரை அழுத்துங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். கழற்றிய குழாயில் ஃபிட்டிங்கின் பல் கீறியிருக்கும். அந்த நுனியை வெட்டிவிட்டுத்தான் மறுபடி செருக வேண்டும். அதற்காகவே குழாயைச் சற்று நீளமாக விட்டு வையுங்கள்.

டெஃப்லான் டேப்பை முதல் மரையில் சுற்றாதீர்கள். துணுக்கு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு குழாய்களுக்கும் இரு முனையிலும் வேறு வேறு நிறம் ஒட்டுங்கள்.

"தம்பி, ஒரு ஊது ஊதிப் பாரேன்" என்றார் அண்ணன். நான் ஊதவில்லை. சாதாரணமாக ஊதினாலே அந்த 6 சென்டிமீட்டரைப் போலப் பல மடங்கு அழுத்தம் ஏறி வேகமானி கெட்டுவிடும். தெளிவான குழாயை யூ வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை பிட்டோவில் மாட்டினோம். பிட்டோவின் வடிகால் துளையை டேப்பால் மூடிவிட்டு, மறுமுனையை மெல்ல உயர்த்தினோம். இரு பக்கத் தண்ணீருக்கும் 16 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தபோது ஊசி 100 நாட்டை நெருங்கியது. அங்கேயே நின்றால் சரி, இறங்கினால் கசிவு.

ஸ்டாட்டிக்குக்கு ஊசி போடும் சிரிஞ்சால் மெதுவாக உறிஞ்சி, உயரமானியை 1,000 அடி ஏற்றி மூடுங்கள். அமெரிக்க விதிப்படி ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது. விடும்போதும் மெதுவாகவே விடுங்கள்.

டர்பன் ஈரக்காற்றில் குழாய்க்குள் நீர் கோக்கும். குழாய் எங்கும் தொங்காமல், தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வையுங்கள். சோதனை முடிந்ததும் பிட்டோ துளையின் டேப்பைப் பிரித்தாயிற்றா என்று இன்னொருவர் கண்ணாலும் பாருங்கள்.