ரோயிங் மெஷினும் கிரானைட் தூசியும்
கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவை ஒட்டி ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறை. ஜன்னலைச் சாத்தினாலும் மாவு போல வெள்ளைத் தூசி உள்ளே வந்து படியும். துடுப்புப் போடுவதுபோல் கைப்பிடியை இழுத்து உடற்பயிற்சி செய்யும் ரோயிங் மெஷினின் சீட் கரகரத்ததற்குக் காரணம் அதுதான். சீட் முன்னும் பின்னும் ஓடும் ரெயிலையும் சீட்டுக்கு அடியிலுள்ள சின்னச் சக்கரங்களையும் ஈரத்துணியால் துடைத்ததும் சத்தம் நின்றது. ரெயிலுக்கு எண்ணெய் விடக் கூடாது, தூசி அப்பிக்கொள்ளும். எண்ணெய் கைப்பிடியோடு இணைந்த செயினுக்குத்தான். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு முழுநீளத்துக்கும் தடவி, மிச்சத்தைத் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கு ஏறும்.

கைப்பிடி தொங்கித் தொங்கித் திரும்பியதற்கு உள்ளேயிருக்கும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்ததே காரணம். கொஞ்சம் இறுக்கினேன். அதிகம் இறுக்கினால் முழுசாக இழுக்கும்போது அறுந்துபோகும்.

கடைசியாக, இழுக்கும்போது சுழன்று காற்றால் இழுவை தரும் சக்கரமான ஃப்ளைவீலின் கூண்டுக்குள் வேக்குவம் போட்டேன். வலை அடைத்திருந்தால் காற்று குறைந்து இழுவை லேசாகிவிடும்; நமக்குத் தெம்பு கூடிவிட்டதென்று நினைப்போம்!