போலந்தில் பொம்மலாட்ட நடிகராவது எப்படி?

போலந்தில் பொம்மலாட்ட நடிப்பு என்பது முறையாகப் படித்துப் பட்டம் பெற்று, ஓர் அரங்கில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து செய்யக்கூடிய முழுநேரத் தொழில். கிராக்கோவ் நகரின் கிரொட்டெஸ்கா பாவை அரங்கு 1945இலும், வ்ரோட்ஸ்வாஃப் பாவை அரங்கு 1946இலும், பியாவிஸ்டோக் பாவை அரங்கு 1953இலும் தோன்றின. இன்றும் இத்தகைய அரங்குகள் பெரும்பாலும் உள்ளாட்சி நிதியில் இயங்குவதால், நிரந்தர நடிகர் குழு என்ற ஏற்பாடு அங்கே நிலைத்திருக்கிறது.

படிப்புக்கு முதன்மையான இடங்கள் இரண்டு: கிராக்கோவ் நாடகக் கலைக்கழகத்தின் வ்ரோட்ஸ்வாஃப் கிளை, வார்சா நாடகக் கழகத்தின் பியாவிஸ்டோக் கிளை. கற்பிக்கும் மொழி போலிஷ் என்பதால், வெளிநாட்டவர் விண்ணப்பிக்கும் முன்பே அம்மொழியில் கவிதை சொல்லும் அளவுக்குத் தேறியிருப்பது நல்லது. நுழைவுத் தேர்வுக்குக் கவிதை, உரைநடை, பாடல் ஆகியவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்து அதற்கு உயிரூட்டவும் பயின்றிருங்கள். குடை ஒன்று கையில் வந்தால் உடனே அதை மனிதனைப் போல நடக்கவிடாமல், அதன் எடை எங்கே இருக்கிறது, விரியும்போது எப்படி ஒலிக்கிறது என்பதைக் கண்டறிந்து, அதிலிருந்தே அதன் குணத்தை உருவாக்க வேண்டும்.

கற்க வேண்டிய பாவை வகைகளில் கையுறைப் பாவையும் நூல் பாவையும் பலருக்குத் தெரிந்தவை. ‘யவாய்கா’ எனப்படும் கோல் பாவைக்கு அந்தப் பெயர் ஜாவா தீவிலிருந்து வந்தது. அதன் நடுக்கோலை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பாவையின் இரு கைகளையும் இயக்கும் மெல்லிய குச்சிகளை மறு கையால் ஆட்ட வேண்டும். தோள் சோர்ந்ததும் பாவை மெல்ல அமிழத் தொடங்கும். பிடித்திருப்பவருக்கு அது தெரியாது, பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். ஆகவே கண்ணாடி முன் நின்று, பாவையின் உயரம் குறையாமலும் அதன் பார்வை எதிரில் இருப்பவரை விட்டு விலகாமலும் இருக்கிறதா என்று நாள்தோறும் பழகுங்கள். பேசாத பாவையை அசைக்காமல் வைத்திருக்கவும் பழக வேண்டும். இரண்டு பாவைகள் ஒரே நேரத்தில் ஆடினால், எது பேசுகிறது என்று குழந்தைக்குப் புரியாது.

திரைக்குப் பின்னே மறைந்து ஆடுவது மட்டுமே தொழில் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். கடந்த நூற்றாண்டின் பிற்பாதியிலேயே போலந்து நடிகர்கள் திரையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். பார்வையாளர் முன் நின்றுகொண்டே, தன் முகத்தை அடக்கி, அவர்களுடைய கவனம் முழுவதையும் பாவைக்கு விட்டுக்கொடுப்பது, என் கணிப்பில், மறைந்து ஆடுவதைவிடக் கடினமானது.

வேலை தேடும்போது தலைநகரை மட்டும் குறிவைக்க வேண்டாம். சிறிய நகரத்து அரங்கில் புதியவருக்குப் பெரிய வேடம் விரைவில் கிடைக்க வாய்ப்புண்டு. ஆட்டப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை நீளும். பள்ளிக் குழந்தைகளுக்கான காட்சிகள் காலையிலேயே நடப்பதால், அதற்குள் குரலும் மணிக்கட்டும் தயாராகியிருக்க வேண்டும். சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் தனிக் குழு தொடங்குவோரும் உண்டு. பியாவிஸ்டோக்குக்கு அருகிலுள்ள சுப்ராஷ்லில் 1991இல் நிறுவப்பட்ட வியெர்ஷாலின், தனி வழியில் சென்று பெயர் பெற்ற குழு. விண்ணப்பிக்கும் முன் ஒபோலே அல்லது பியெல்ஸ்கோ-பியாவா நகரின் பாவை விழாவுக்கு ஒருமுறை சென்று, எந்த அரங்கின் ஆட்டம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பார்த்துவிடுங்கள்.