உறுமினால் அதட்டாதீர்கள்: காப்பகத்திலிருந்து நாய் எடுத்தவர்களுக்கு

செவலை எங்கள் வீட்டுக்கு வந்து நான்காம் நாள். தட்டில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த செருப்பை எடுக்கலாம் என்று குனிந்தேன். தொண்டைக்குள்ளிருந்து மெல்ல ஒரு ‘உர்ர்ர்’. “ஏய்!” என்று ஒரு அதட்டல் போட்டேன், அடங்கிவிட்டது. வழிக்கு வந்துவிட்டதென்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, அதே இடத்தில், சத்தமே காட்டாமல் கையைக் கவ்வியது. லேசான கீறல்தான். ஆனாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய், முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28ஆம் நாட்களில் நான்கு தவணை வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசி போட்டுக்கொண்டேன். கீறல் சின்னதென்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ரேபிஸ் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை.

தப்பு என்னுடையதுதான். “தள்ளிப்போ” என்று அது வாய்விட்டுச் சொன்னதை நான் அதட்டி நிறுத்தினேன். பயம் மட்டும் உள்ளே அப்படியே இருந்தது. அப்புறம் சொல்லாமலே கடித்தது. அதனால் கீழே இருப்பதை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், உறுமல் கேட்டதும் செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள். கையை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். கண்ணுக்குள் பார்க்காமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மெல்லப் பின்வாங்குங்கள். “நாய்க்குப் பணிந்துபோவதா?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை கேட்டார், கையில் துடைப்பத்தோடு. இதில் பணிவதற்கு ஒன்றுமில்லை. சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்குக் கடிக்க வேண்டிய அவசியம் வராது.

இரண்டாவது, ஒரு நோட்டு போடுங்கள். எந்த நேரம், எந்த இடம், யார் பக்கத்தில் இருந்தார்கள், உறுமுவதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். உறுமலுக்கு முன்பே உடம்பு பேசியிருக்கும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும்போது வெள்ளைவிழி தெரியும், தின்பதை நிறுத்திக் கல்லாகச் சமைந்து நிற்கும். இந்தக் கடைசி அடையாளம்தான் மிக முக்கியம். அதைப் பார்த்த நொடியே விலகிவிடுங்கள். வால் ஆடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். விறைத்த உடம்போடு ஆடுகிற வால் நட்புக்கு அடையாளம் இல்லை. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி, உடம்பு நெகிழ்ந்து உறுமினால் அது விளையாட்டு, விடுங்கள்.

மூன்றாவது, கால்நடை மருத்துவர். தொட்டால் உறுமுகிற நாய்க்கு வலி இருக்கிறதா என்று பார்க்காமல் பயிற்சியை ஆரம்பிப்பது வீண். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி, நம் ஊரில் உண்ணியால் வரும் காய்ச்சல் என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.

உடம்பில் கோளாறு இல்லையா? சரி, இப்போது பயிற்சி. தட்டைக் காவல் காக்கிற நாய்க்கு நான் செய்தது இது. செவலை தின்னும்போது எத்தனை அடி தள்ளி நின்றால் அது கவலைப்படாமல் தின்கிறது என்று பார்த்தேன். பத்தடி. அந்தத் தூரத்தில் நடந்து போகும்போது, எலும்பில்லாத வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டு நிற்காமல் போய்விடுவேன். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்கக் கூடாது. ஒரு வேளைக்கு நாலைந்து தடவை, அவ்வளவுதான். சில நாளில் என்னைப் பார்த்ததும் ‘கோழி எங்கே?’ என்று தலையைத் தூக்கியது. அப்புறம்தான் ஒன்பதடி. நடுவில் ஒருநாள் அவசரப்பட்டு ஐந்தடிக்குப் போனேன், கல்லாக நின்றது. மறுநாள் மறுபடி பத்தடியிலிருந்து ஆரம்பித்தேன். தட்டுக்குள் கையை விட்டுப் பழக்குங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். நாம் சாப்பிடும்போது ஒருவர் இலையில் கைவைத்தால் நமக்கே கோபம் வரும்.

வாயில் செருப்பு, துணி ஏதாவது இருந்தாலும் பிடுங்க வேண்டாம். அதைவிட ருசியானதைச் சற்றுத் தள்ளிப் போட்டு, அங்கே போன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடியும்வரை வீட்டு ஏற்பாடும் மாற வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் சாப்பாடு, அதன் பாயில் படுத்திருக்கும்போது யாரும் தொடக் கூடாது, குழந்தையையும் நாயையும் பெரியவர் பார்வை இல்லாமல் ஒன்றாக விடக் கூடாது. விருந்தாளி வந்தால் வேறு அறை.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று பழகும் காலத்துக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். குத்துமதிப்பான கணக்குதான். முதல் வாரம் சாதுவாக இருந்த நாய் மூன்றாம் வாரம் உறுமினால் ‘கெட்டுப்போய்விட்டது’ என்று காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பயத்தில் வாயடைத்திருந்தது, இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே காயம்படக் கடித்திருந்தாலோ, குழந்தையைப் பார்த்து உறுமினாலோ, நீங்களாக முயலாமல் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். முதல் நாளே கழுத்தை இறுக்குகிற சங்கிலியை எடுப்பவராக இருந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செவலை இப்போதும் உறுமும், படுத்திருக்கையில் துடைப்பம் வால் பக்கம் வந்தால். அந்த மூலையை அத்தை கடைசியாகப் பெருக்குகிறார்.