வீதி வேலையால் வாகனம் சேதமடைந்தால் நட்டஈடு கோரும் முறை

குழாய் பதிப்பதற்காக வெட்டிய பள்ளம் கார்த்திகை மழையில் நிரம்பிவிட்டால், வீதி எது, பள்ளம் எது என்பது பகலிலேயே தெரிவதில்லை. ரிம் வளைந்தோ, டயர் வெடித்தோ, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்ச் சம்ப் உடைந்தோ நிற்கும் உரிமையாளருக்கு இலங்கைச் சட்டப்படி நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு. ஆனால் மறுநாட் காலையிலேயே கிரவல் கொட்டி அந்தப் பள்ளத்தை மூடிவிடுவார்கள். அதன்பின் அங்கே பள்ளம் இருந்தது என்பதையே நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகையால் மற்றெல்லாவற்றையும் விட, சம்பவம் நடந்த அன்று நீங்கள் திரட்டும் ஆதாரமே பெறுமதியானது.

வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பின் கைபேசியில் படம் எடுங்கள். பள்ளத்தை மட்டும் கிட்டவாக எடுத்த படம் எந்த ஊரின் எந்த வீதிக்கும் பொருந்தும் என்பதால், அருகிலுள்ள கடையின் பெயர்ப்பலகையோ கிலோமீற்றர் கல்லோ அதே படத்தில் விழுமாறு சற்றுத் தள்ளி நின்றும் எடுக்க வேண்டும். குடையையோ தடியையோ பள்ளத்தில் ஊன்றி எடுத்தால் ஆழம் விளங்கும். எச்சரிக்கைப் பலகை, தடுப்பு, இரவு விளக்கு ஆகியவை இல்லாதிருந்தால், நீங்கள் வந்த திசையிலிருந்து ஓட்டுநரின் கண் மட்டத்தில் ஒரு சிறு காணொளி எடுத்து வையுங்கள். வேலை செய்தவர்களின் கவனயீனத்தைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பக்கத்துக் கடையில் கண்காணிப்புக் கமரா இருந்தால் அன்றே கேட்டுப் பிரதி எடுப்பது நல்லது, ஏனெனில் பழைய பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். பின்னர் அப்பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியைப் பெறுங்கள். அதில் நேரம், இடம், வந்த திசை, வேகம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். யார் மீது பிழை என்ற ஊகத்தை அங்கே எழுதுவித்தால் அது பின்னர் உங்களுக்கே இடையூறாகலாம்.

அடுத்து வீதி யாருடையது, பள்ளம் யாருடையது என்ற இரண்டையும் வெவ்வேறாகக் கண்டறிய வேண்டும். ஏ9 கண்டி வீதி, ஏ32 மன்னார் வீதி போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கும் உரியவை. ஆனால் பள்ளத்தை வெட்டியது நீர் வழங்கல் சபையாகவோ தொலைத்தொடர்பு நிறுவனமாகவோ அவர்களின் ஒப்பந்தகாரராகவோ இருக்கலாம். பெரிய வேலைத்தளங்களில் திட்டத்தின் பெயர், ஒப்பந்தகாரர், மேற்பார்வைப் பொறியியலாளர் முதலிய விபரங்களுடன் ஒரு பலகை நாட்டப்பட்டிருக்கும். அதையும் படம் எடுங்கள். பலகை இல்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் ஒப்பந்தகாரரின் பெயரையும், வேலைக்காலத்தையும், மூன்றாந்தரப்புச் சேதத்துக்கான காப்புறுதி எடுக்கப்பட்டுள்ளதா என்பதையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டியது அவர்களின் கடமை.

உங்களிடம் முழுமையான காப்புறுதி இருந்தால், வாகனத்தைக் கராஜுக்கு இழுத்துச் செல்லுமுன் நிறுவனத்துக்கு அறிவித்து மதிப்பீட்டாளரை வரவழையுங்கள். சேதம் சிறிதெனில், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகத் தவணைப் பணத்தில் கிடைக்கும் கழிவை இழப்பதையும் கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்யலாம். மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் சொந்த வாகனத்தின் திருத்தச் செலவைத் தராது. ஒரே சேதத்துக்குக் காப்புறுதியிடமும் ஒப்பந்தகாரரிடமும் இரு முறை பணம் பெற முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கோரிக்கைக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும். கராஜின் எழுத்து மூல மதிப்பீடு, பற்றுச்சீட்டுகள், வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, முறைப்பாட்டின் பிரதி, படங்கள் ஆகியவற்றை இணைத்து, வீதிக்குரிய நிறுவனத்துக்கும் ஒப்பந்தகாரருக்கும் தனித்தனியே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்கும் தமிழில் எழுதலாம். அது அரசியலமைப்புத் தரும் உரிமை. இழப்பைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடுகின்ற பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு உதிரிப்பாகம் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை உள்ளூரார் அறிவர், ஆனால் கடிதத்தைப் படிக்கும் அலுவலருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை; எனவே பாகத்தின் விலையை உதிரிப்பாகக் கடையின் எழுத்து மூல விலைக்கூற்றால் காட்டுங்கள்.

பதில் வராவிட்டால் காலத்தைக் கவனிக்க வேண்டும். கவனயீனத்தால் ஏற்பட்ட இழப்புக்கு வழக்குத் தொடரும் பொதுவான கால எல்லை இரண்டு ஆண்டுகள். உள்ளூராட்சி சபைகளின் மீதான வழக்குகளுக்கு அதைவிடக் குறுகிய எல்லையும், ஒரு மாத முன்னறிவித்தலும் உண்டென்பதால், சபையின் வீதியெனில் சட்டத்தரணியை முதல் மாதத்திலேயே சந்தியுங்கள். எதிர்த்தரப்பு தனியார் ஒப்பந்தகாரராயின், சட்டத்தில் குறிப்பிடப்பட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும். அங்கு இணக்கம் ஏற்படாதபோது தரப்படும் சான்றிதழின்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. நீங்கள் வேகமாக ஓட்டியது தெரியவந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்குக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படலாம்.

நடைமுறையில், சிறிய தொகைகளை வழக்குக்குப் போகாமலே தந்து முடிக்க ஒப்பந்தகாரர்கள் இணங்குவதுண்டு. அப்போது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றொரு பத்திரத்தில் கையொப்பம் கேட்பார்கள். சில்லுகளின் சீரமைவையும் ஷொக் அப்சோபரையும் கராஜில் பரிசோதித்து, சில நாட்கள் ஓட்டிப் பார்த்த பின்னரே அதில் கையொப்பம் இடுங்கள்.